தென்னையும் சாய்ந்தது

நடுவர் அவர்களே! எதிரணித் தலைவர் கைதட்டல் வாங்கிட்டுப் போயிட்டார். "பருவம் மாறினா என்ன, சின்ன விவசாயி பயிரை மாத்திக்குவான்" என்றார். மாத்தினான் ஐயா! மாத்தின கதையைத்தான் சொல்ல வந்திருக்கேன்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம். 1934-ல் மேட்டூர் அணை வந்து, கல்லணைக் கால்வாய் வழியாகக் காவிரியைப் பார்த்த பூமி. கடைமடை! மேலே தண்ணீர் குறைஞ்சா முதல்ல காயறது இங்கேதான். அதனால நெல்வயல் பலதும் தென்னந்தோப்பாச்சு. ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை, 2012 முதல் 2019 வரை எட்டு வருஷமும் அந்தத் தேதியில் திறக்கலை. 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. போர்த் தண்ணீரை விட்டுத் தென்னையைக் காப்பாத்தினாங்க. சும்மாவா தென்னம்பிள்ளைன்னு சொல்றோம்? நெல்லம்பிள்ளைன்னு யாராவது சொல்றோமா? (சிரிப்பு)

2018 நவம்பர் 16. ஊர் தூங்கற நேரத்தில் வேதாரண்யம் பக்கம் கரையேறிச்சு கஜா புயல். விடிஞ்சு போய்ப் பார்த்தா, நின்ன மரத்தைத்தான் எண்ண முடிஞ்சுது. விழுந்ததை எண்ண முடியலை. நெல் போனா அடுத்த போகம் உண்டு. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரைக்கும் கடன்காரன் காத்திருப்பானா? பொண்ணோட காலேஜ் பீஸ் காத்திருக்குமா?

புதுக்கன்று நட்டு, நடுவில நிலக்கடலை, உளுந்து போட்டு எழுந்திரிச்சாங்க. அதை நான் மறுக்கலை. ஆனா கடல் சூடேற ஏற, புயலுக்கு அதுதான் தீனி. வறட்சிக்குப் பயந்து வெச்ச மரம் காத்துக்குப் போச்சே, எதிரணித் தலைவரே, அடுத்து எந்தப் பயிருக்கு மாறச் சொல்றீங்க?