கடற்குப்பையின் வரலாறும் கணனியின் கண்ணும்

கடலிற் பிளாஸ்ரிக் மிதக்கின்றதென்பதை விஞ்ஞான உலகு ஊன்றி நோக்கத் தொடங்கியது 1972 ஆம் ஆண்டிலெனலாம். கார்ப்பெண்டர், சிமித் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் சார்கசோக் கடலில் நுண்கண் வலையிழுத்து, சதுரக் கிலோமீற்றருக்குச் சராசரி 3,500 துண்டுகள் மிதத்தலைக் கண்டு அவ்வாண்டில் வெளியிட்டனர். அக்காலத்திலேயே எமது குடாநாட்டுக் கரைகளிற் பருத்திநூல் வலைகளின் இடத்தை நைலோன் பிடித்துக்கொண்டிருந்தது. அறுந்த பருத்தி வலை உக்கிப்போகும், நைலோனோ உக்காது. இம்மாற்றத்தை மீன்பிடி வளர்ச்சியின் வெற்றியாக மட்டும் எழுதுவது அரைவாசி வரலாறேயாகும்.

2021 மே 20 இல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் குறுமணிகள் இருந்தன. 2025 மே 25 இல் கேரளத்துக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியது. சோளகக் காற்றுப் பருவமாதலின், யூன் மாதத்தில் எமது வடகரைகளிலும் குறுமணிகள் ஒதுங்கின. பிறர் கடலில் நேர்ந்த விபத்தின் சுமை எம் மீனவர் வாசலுக்கு வந்தது.

இவற்றைத் தேடச் செயற்கை நுண்ணறிவு உதவுமா? கடல்நீர் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்ச, மிதக்கும் பொருள் அதனைத் தெறிக்கச் செய்யும். சென்ரினல்-2 செய்மதிப் படங்களில் இவ்வேறுபாட்டைக் கணனிக்குப் பயிற்றி, பாசி, மரம், நுரை ஆகியவற்றினின்று பிளாஸ்ரிக்கை 86 வீதத் திருத்தத்துடன் பிரித்தறிந்ததாக பியர்மன் குழுவினர் 2020 இல் அறிவித்தனர். ஆயின் அப்படத்தின் ஒரு புள்ளி 10 மீற்றர். குறுமணியோ 5 மில்லிமீற்றருக்கு மேற்படாதது. திரளாகச் சேர்ந்தாலன்றிச் செய்மதிக்கு அது புலப்படாது. அள்ளும் வேலையோ இன்னும் அரிதட்டும் கையுமாகவே நடைபெறுகின்றது. இயந்திரத்தைப் புகழ்வோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

எனினும் வேறொரு பயன் உண்டு. பேர்ள் விபத்துக்காக நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு இலங்கை உயர் நீதிமன்றம் 2025 யூலையில் தீர்ப்பளித்தது. இழப்பீட்டு வழக்கிற் சான்றே உயிர். எக்கரையில் ஒதுங்கிய மணி எக்கப்பலுக்குரியது என்பதைக் காற்றையும் நீரோட்டத்தையும் பின்னோக்கிக் கணித்து ஆராய்தல் கணனிக்கு இயலும். அக்கணிப்பைச் சரிபார்க்க, எந்நாளில், எக்காற்றில், எவ்வளவு ஒதுங்கியது என்னும் கரைக்குறிப்புகள் வேண்டும். கரைவலை இழுப்போர் அவற்றை நாள்தோறும் காண்கின்றனர். எழுதி வைப்பார்தாம் வேண்டும்.