மக்கள் கார்: இரண்டு வாக்குறுதிகள்

மோட்டார் காரின் வரலாற்றில் சாமானியனின் பெயரைச் சொல்லிப் பிறந்த கார்களுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று, அமெரிக்காவின் போர்ட் 'மொடல்-டி'. மற்றையது, பின்னாளில் 'பீட்டில்', அதாவது வண்டு, என்று உலகறிந்த ஜேர்மனியின் வொக்ஸ்வாகன். அந்தப் பெயருக்கே 'மக்கள் கார்' என்றுதான் பொருள்.

1908இல் ஹென்றி போர்ட் வெளியிட்ட மொடல்-டியின் ஆரம்ப விலை 850 டொலர். கரடுமுரடான கிராமப் பாதைகளுக்கென்றே அதன் அடிப்பாகம் உயர்த்திச் செய்யப்பட்டிருந்தது. 1913இல், தொழிலாளி நின்ற இடத்தில் நிற்க, கார் அவன் முன்னே நகர்ந்துவரும் முறை புகுத்தப்பட்டது. அடிச்சட்டத்தைப் பொருத்த முன்னர் பன்னிரண்டரை மணித்தியாலம் சென்றது. பின்னர் ஒன்றரை மணித்தியாலமே போதுமாயிற்று. 1925 அளவில் விலை 260 டொலருக்கு இறங்கிற்று. ஆனால், ஒரே வேலையை நாள் முழுதும் செய்து சலித்த தொழிலாளர் கூட்டங்கூட்டமாக விலகினர். அவர்களைத் தக்கவைக்க 1914இல் நாட்கூலி 5 டொலராக்கப்பட்டது. அதைப் பெறுபவர் ஒழுங்காக வாழ்கிறாரா என வீடு தேடிப்போய் விசாரிக்கவும் கம்பனி ஆட்களை வைத்திருந்தது. எனினும், காரைச் செய்தவனால் காரை வாங்கவும் முடிந்தது.

ஜேர்மனிக் கதை வேறு. ஹிட்லரின் விருப்பப்படி பேர்டினண்ட் போர்ஷ வடிவமைத்த காரின் விலை 990 மார்க் என 1938இல் அறிவிக்கப்பட்டது. வாரம் 5 மார்க் முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டிவந்தால் கார் கிடைக்கும் என்றார்கள். ஏறத்தாழ 336,000 பேர் நம்பிச் சேமித்தனர். ஒருவருக்கேனும் கார் கிடைக்கவில்லை. 1939இல் யுத்தம் மூள, தொழிற்சாலை இராணுவ வண்டிகளைச் செய்தது. போர்க் கைதிகளும் வதைமுகாம் கைதிகளும் அங்கே வலுக்கட்டாயமாக உழைத்தனர்.

1945இல் தொழிற்சாலை பிரித்தானியப் படையின் பொறுப்பில் வந்தது. மேஜர் ஐவன் ஹேர்ஸ்ட் வண்டின் உற்பத்தியை மீண்டும் தொடக்கினார். பின்புறத்தில் இயந்திரம், தண்ணீரின்றிக் காற்றாலேயே குளிரும் அமைப்பு, எளிதான பராமரிப்பு. உலகம் அதை விரும்பி ஏற்றது. 1972 பெப்ரவரி 17இல் 15,007,034ஆவது வண்டு வெளிவந்தபோது மொடல்-டியின் சாதனை முறிந்தது. 2003இல் மெக்சிக்கோவில் உற்பத்தி நின்றபோது மொத்தம் 2 கோடி 15 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

முத்திரை ஒட்டியவர்களின் கதி என்ன? நீண்ட வழக்கின் பின் 1961இல் இணக்கம் ஏற்பட்டது. புதுக் கார் வாங்குவோருக்கு 600 மார்க் வரை கழிவு. வேண்டாதோருக்கு 100 மார்க் வரை காசு.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்போர் வண்டுக்கே முதலிடம் தருவர். கொடுக்கப்படாத 336,000 கார்களையும் சேர்த்து எண்ணுவதே வரலாறு.