ஆறு விரல் பூனை: அதிர்ஷ்டமல்ல, பரம்பரை

டுபாயிலும் சார்ஜாவிலும் வாழும் எம்மவர் சிலர், கார்த் தரிப்பிடத்தில் நிற்கும் தெருப்பூனைக்குச் சோறு வைக்கத் தொடங்கி, கடைசியில் அதன் குட்டியை வீட்டுக்குள் எடுத்து வளர்ப்பதுண்டு. பூனைக்கு வழக்கமாக 18 விரல்கள். முன்கால் ஒவ்வொன்றிலும் 5, பின்கால் ஒவ்வொன்றிலும் 4. அபூர்வமாகச் சில குட்டிகளுக்கு முன்காலின் பெருவிரல் பக்கம் ஆறாவது, ஏழாவது விரலும் இருக்கும்; கையுறை போட்டது போலத் தெரியும். அதிர்ஷ்டம் என்பார் ஒருவர், ஏதோ வருத்தம் என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டுமில்லை. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்த சொத்து அது.

வீட்டுப் பூனையின் பூர்வீகமே இந்தப் பக்கம்தான். 2007இல் சயன்ஸ் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று 979 பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டது. வீட்டுப் பூனைக்கு மிக நெருங்கிய உறவாக வந்தவற்றுள் அமீரகம், பஹ்ரைன், சவூதி அரேபியா ஆகிய நாடுகளின் காட்டுப்பூனைகளும் இருந்தன. ஆனால் கூடுதல் விரலுக்குப் பெயர்போனவை அமெரிக்கப் பூனைகள். எழுத்தாளர் ஹெமிங்வே வாழ்ந்த கீ வெஸ்ட் வீட்டில் இன்றும் ஏறக்குறைய 60 பூனைகள் உள்ளன. பாதியளவுக்கு ஆறு விரல். முதற்பூனையை ஒரு கப்பல் தலைவர் கொடுத்தாராம்.

2008இல் எடின்பரோ ஆய்வாளர்கள் காரணத்தைக் காட்டினார்கள். கருவில் கால் உருவாகும்போது, விரல்களை வகுக்கும் மரபணு சுண்டுவிரல் பக்கம் மட்டுமே வேலை செய்யவேண்டும். அதை இயக்கும் 'சுவிட்ச்', மரபணுவிலிருந்து ஏறத்தாழ பத்து இலட்சம் எழுத்துகள் தள்ளி இருக்கிறது. அதில் ஒரேயொரு எழுத்து மாறினாலும் பெருவிரல் பக்கமும் அது இயங்கி, கூடுதல் விரல் முளைக்கிறது. இது ஆட்சியுடைய இயல்பு. பெற்றோரில் ஒருவர் கடத்தினாலே போதும், ஒவ்வொரு குட்டிக்கும் சரிபாதி வாய்ப்பு. விரல் எண்ணிக்கை மட்டும் ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேயே வேறுபடும். கனடாவின் ஜேக் என்ற பூனைக்கு 28 விரல்கள். 2002இல் கின்னஸில் பதிவானது.

வளர்ப்பவர்கள் பார்க்கவேண்டியது நகத்தை. நிலத்தில் படாத விரலின் நகம் தேயாது, வளைந்து சதைக்குள் இறங்கிவிடும். இரண்டு மூன்று கிழமைக்கொருமுறை வெட்டிவிட்டால் போதும்.

மனிதரிலும் அதே சுவிட்ச் பிழைத்தால் கூடுதல் பெருவிரல் வரும். சுண்டுவிரல் பக்கம் வரும் ஆறாவது விரலும் பல குடும்பங்களில் பரம்பரையாக, தீங்கின்றி வருவதுதான். ஆயினும் வளைகுடாவில் இன்னொரு கதையும் உண்டு. பார்டே-பீடில் என்ற நோயில் சுண்டுவிரல் பக்கம் கூடுதல் விரல் இருக்கும். பின்னர் உடல் பருக்கும், இரவுப் பார்வை மங்கும், சிறுநீரகம் பழுதடையும். ஐரோப்பாவில் ஏறத்தாழ 160,000 பேரில் ஒருவருக்கு வருவது, குவைத்தின் பெடூயின் மக்களிடையே 13,500 பேரில் ஒருவருக்கு வருகிறது. இது பூனையின் கணக்கல்ல. தாய், தகப்பன் இருவரும் பழுதான பிரதியைக் கொடுத்தால்தான் நோய். சொந்தத்துக்குள் திருமணம் செய்யும்போது அந்த வாய்ப்புக் கூடுகிறது.

மச்சான் மச்சாள் கலியாணம் எமக்கும் புதிதல்ல. ஊரில் அந்த விரலை நூலால் கட்டி விழுத்திவிட்டு மறந்துவிடுவார்கள். ஆகவே குழந்தையின் ஆறாவது விரலைக் கண்ட மருத்துவர், "நீங்கள் இருவரும் சொந்தமா?" என்று கேட்டால் கோபப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். விரலை ஊரிலேயே எடுத்திருந்தாலும் அதையும் சொல்லுங்கள். பிள்ளை இருட்டில் தட்டுத்தடுமாறி நடந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.