செவ்வாய்க் கிரகத்துக் கதையும் அதைச் சொன்ன குரல்களும்

மும்பை மின்சார ரயிலிலும் டில்லி மெட்ரோவிலும் காதில் கருவியைச் செருகிக்கொண்டு நாவல் கேட்டவாறே செல்வோரை இந்நாளில் நாம் நிறையக் காண்கிறோம். இவ்வாறு கேட்கப்படும் நூல்களுள் விஞ்ஞானக் கற்பனைக் கதைகளுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. குடும்பக் கதையை ஒருவர் சுமாராகப் படித்தாலும், கேட்பவர் தம் அநுபவத்தைக் கொண்டு குறையை நிரப்பிக்கொள்வார். வேற்றுலகக் கதைக்கு அத்தகைய அநுபவம் ஏது? சொல்லும் குரல் ஒன்றே அங்கு ஆதாரம். அக்குரல் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு, ஒரே கதை பலவாறு சொல்லப்பட்ட வரலாறு விடை தருகிறது.

எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியரின் 'உலகங்களின் போர்' 1897-இல் பத்திரிகைத் தொடராகவும், 1898-இல் நூலாகவும் வெளிவந்தது. செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தின்மீது படையெடுத்து வருவதே கதை. அதைக் கூறுபவனுக்கு நூல் முழுவதிலும் பெயர் இல்லை. எல்லாம் நடந்து ஆறு ஆண்டுகள் சென்றபின், தான் கண்டதை அமைதியாக எழுதுகிறான். எவ்வளவு கோரமான காட்சியை அவன் வருணித்தாலும், சொல்பவன் பிழைத்திருக்கிறான் என்பது நமக்குத் தெரிந்தே இருக்கிறது. இதனால் சுவை குன்றுவதில்லை. அசோகவனத்துச் சீதையின் துயரைக் காலட்சேபத்தில் கேட்டுக் கண்ணீர் உகுக்கும் பாட்டிக்குப் பட்டாபிஷேகம் உண்டென்பது தெரியாதா என்ன?

1938-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் கொலம்பியா ஒலிபரப்பு நிறுவனம் இக்கதையை ஒரு மணி நேர நாடகமாக ஒலிபரப்பிற்று. நடத்தியவர் 23 வயது நிரம்பிய ஆர்ஸன் வெல்ஸ். எழுத்துவடிவம் தந்தவர் ஹவர்ட் காக். அவர்கள் இங்கிலாந்தை நியூ ஜெர்ஸியாக மாற்றினர். அதனினும் பெரிய மாற்றம் ஒன்றையும் செய்தனர். 'கண்டேன்' என்றிருந்த கதையைக் 'காண்கிறேன்' என்று திருப்பினர். நடன இசை ஒலித்துக்கொண்டிருக்கும், இடையே அறிவிப்பாளர் குறுக்கிட்டுச் செய்தி வாசிப்பார், மீண்டும் இசை. பின்னர், குரோவர்ஸ் மில் என்னும் சிற்றூரில் விழுந்த உருளையின் அருகிலிருந்து ஒரு நிருபர் பேசுவார். அந்நிருபராக நடித்த ஃபிராங்க் ரெடிக், முந்திய ஆண்டு மே மாதத்தில் ஹிண்டன்பர்க் என்னும் ஆகாயக் கப்பல் தீப்பற்றியபோது நேரில் நின்று வருணித்த ஹெர்பர்ட் மாரிசனின் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தம் குரலைப் பழக்கிக்கொண்டார். நிருபரின் பேச்சு பாதியில் அறுகிறது. அதன்பின் சில விநாடிகள் ஒலியே இல்லை. வானொலியில் மௌனத்தைப் போல அச்சுறுத்துவது வேறில்லை என்பதை அந்நிலையத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

அதற்கு முந்திய மாதந்தான் மூனிக் நெருக்கடி. நிகழ்ச்சிகளை இடைநிறுத்திப் போர்ச் செய்தி சொல்லும் குரலுக்குக் காதுகள் பழகியிருந்தன. அப்பழக்கத்தை நாடகம் கடன் வாங்கிக்கொண்டது. இது நாடகமே என்று தொடக்கத்தில் அறிவித்திருந்தனர். எனினும் வேறு நிலையத்தில் நகைச்சுவை நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு நடுவே வந்தவர்கள் அதனை அறியார். நாடு முழுவதும் பீதியுற்று ஓடியதாக மறுநாள் பத்திரிகைகள் எழுதின. அது மிகைக் கூற்று என்பதே பிற்கால ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. அன்றிரவு 5,000 வீடுகளைத் தொலைபேசியில் விசாரித்த ஒரு கணிப்பில், இந்நாடகத்தைக் கேட்டதாகத் தெரிவித்தோர் 100-க்கு 2 பேரே. ஆயினும் சிலர் மெய்யாகவே நடுங்கினர் என்பதை மறுப்பதற்கில்லை.

இந்நாடகத்தின் பிற்பகுதியைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஏறக்குறைய நாற்பது நிமிஷத்துக்குப்பின் செய்தி வாசிப்புகள் ஓய்கின்றன. பியர்ஸன் என்னும் பேராசிரியராக ஆர்ஸன் வெல்ஸ் தனிமையில் பேசத் தொடங்குகிறார்: அழிந்த ஊர்களினூடே நடந்தது, நியூயார்க்கின் வெறிச்சோடிய வீதிகளைக் கண்டது, நுண்ணுயிர்களால் பகைவர் மாண்டது. மீண்டும் 'கண்டேன்' என்னும் நடை; பெரும்பாலும் ஒரே குரல்; அவசரம் சிறிதும் இல்லை. இன்றைய ஒலிப்புத்தகத்துக்கு மூதாதை முன்பகுதியன்று, இப்பிற்பகுதியே என்பது நம் கருத்து. முன்பகுதி கேட்பவரின் நம்பிக்கையைப் பறித்துக்கொண்டது; பிற்பகுதி அதனைக் கேட்டுப் பெற்றது.

நம்பிக்கையைப் பறிப்பதன் விலை என்ன என்பது தென்னமெரிக்காவில் தெரியவந்தது. 1949-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஈக்வடார் நாட்டுக் கீட்டோ நகர வானொலி இக்கதையைச் செய்தி வடிவிலேயே ஒலிபரப்பிற்று. நடந்தது நாடகம் எனத் தெரிந்ததும் மக்களின் அச்சம் ஆத்திரமாக மாறியது. வானொலி நிலையம் இருந்த பத்திரிகைக் கட்டடத்துக்குக் கூட்டம் தீ வைத்தது. உள்ளே இருந்தவர்களுள் சிலர் மாண்டனர்.

இதற்கிடையே நூலை நூலாகவே படித்துப் பதிவுசெய்யும் மரபு வேறொரு வழியில் வளர்ந்து வந்தது. பார்வையிழந்தோருக்கான பேசும் புத்தகங்கள் பிரிட்டனில் 1935-இல் இசைத்தட்டுகளாக வெளிவரலாயின. அம்மரபில் படிப்பவர் நூலுக்கும் செவிக்கும் நடுவே நிற்கும் ஊழியர், நடிகர் அல்லர்.

1978-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டு மார்ச் மாதம் பி.பி.ஸி. வானொலியில், விண்வெளி வழிகாட்டி நூல் ஒன்றைப் பற்றிய டக்ளஸ் ஆடம்ஸின் வேடிக்கைத் தொடர் தொடங்கிற்று. அதில் நூலின் குரலாகப் பேசிய பீட்டர் ஜோன்ஸ், உலகம் இடிக்கப்படுவதையும் அகராதி படிப்பவர் போலச் சொன்னார். அவர் சிரிக்காததனால் கேட்டவர் சிரித்தனர். அதே ஆண்டில் ஜெஃப் வெய்ன் 'உலகங்களின் போர்' கதையை இரண்டு இசைத்தட்டுகளில் இசையோடு அமைத்தார். கதை சொல்லும் பத்திரிகையாளனாகப் பேசியவர் ரிச்சர்ட் பர்ட்டன். வாத்தியங்கள் முழங்க, பாடகர் பலர் உணர்ச்சி பொங்கப் பாட, பர்ட்டனின் கனத்த குரல் மட்டும் நிதானம் தவறாமல், 1898-இல் பெயரற்ற அம்மனிதன் எழுதியதுபோலவே, நடந்து முடிந்த ஒன்றைச் சொல்லிச் செல்கிறது.