உயர் இரத்த அழுத்தத்தால் வரும் இதய வீக்கம்

உயர் இரத்த அழுத்தத்தால் இதயத்தின் இடது கீழறைத் தசை தடித்து, நாளடைவில் அறையும் விரிவடையும் நிலையைப் பேச்சுவழக்கில் ‘இதய வீக்கம்’ என்பர். அழுத்தம் கூடிய தமனிகளுக்குள் இரத்தத்தைத் தள்ள இதயம் ஓயாமல் கூடுதல் விசையுடன் சுருங்குகிறது. அதனால் தசையிழைகள் பருத்து, அவற்றிடையே நார்த்திசு படிந்து, சுவர் விறைக்கிறது. பல ஆண்டுகள் அறிகுறி எதுவும் தெரியாமலே இருக்கலாம். பின்னர் மூச்சிரைப்பு, சீரற்ற இதயத்துடிப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கு இது இட்டுச்செல்லும்.

இடர்க் காரணிகள்

அழுத்தத்தின் அளவும், அது கட்டுப்படாமல் கழிந்த காலமும் முதன்மையானவை. உறக்கத்தில் அழுத்தம் இயல்பாக 10 விழுக்காட்டுக்கு மேல் குறையும். அப்படிக் குறையாதவர்களுக்கு ஆபத்து அதிகம். முதுமை, உடற்பருமன், நீரிழிவு, நாள்பட்ட சிறுநீரக நோய், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மரபுக்கூறு ஆகியவையும் காரணிகளே. உப்பு அழுத்தத்தை உயர்த்துவதோடு, தசைத் தடிப்புடன் தனித்தும் தொடர்புடையது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும்.

கண்டறிதல்

ஈசிஜி எளிய சோதனை. ஆனால் தொடக்கநிலைத் தடிப்பைப் பெரும்பாலும் தவறவிடும். எக்கோ பரிசோதனை நுட்பமானது. உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு இடது கீழறையின் எடை ஆண்களில் 115 கிராமையும் பெண்களில் 95 கிராமையும் தாண்டினால் தடிப்பு எனக் கொள்வர்.

தமிழ்நாட்டு நிலை

மாநில அரசு 2020இல் நடத்திய தொற்றா நோய்க் கணக்கெடுப்பில் வயதுவந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருந்தது. கட்டுப்படாத ஆண்டுகளே இதயத்தைப் பெருக்கச் செய்வதால், இரண்டாம் எண்ணே கவலைக்குரியது. கட்டுப்பாட்டில் உள்ள இந்த இடைவெளியைக் குறைக்க 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

மீட்சி

தடித்த தசை பெருமளவு மெலியக்கூடியது. 2002இல் வெளியான ‘லைஃப்’ ஆய்வில், ஈசிஜியில் தடிப்புக் காணப்பட்ட 9,193 பேருக்கு லோசார்டன் அல்லது அட்டினலால் என்ற இரத்த அழுத்த மருந்து தரப்பட்டது. அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தபோதும், லோசார்டன் எடுத்தோரிடம் தடிப்பு கூடுதலாகக் குறைந்தது. பக்கவாதமும் குறைவாகவே ஏற்பட்டது. எனினும் அழுத்தம் குறைந்ததும் தாமாகவே மாத்திரையை நிறுத்துவோருக்கு அழுத்தம் மீண்டும் ஏறி, தடிப்பும் திரும்பும்.