சிறுதேரிலிருந்து சிறு பேருந்துக்கு: தகடூர் வட்டாரத்தில் நின்று மாதிரி வண்டிக் கலையைப் பார்த்தல்

அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகரான தகடூரே இன்றைய தருமபுரி. அவன்மீது போர் தொடுக்க நினைக்கும் பகைவரை எச்சரிக்கும்போது ஔவையார் ஒரு தச்சனைத் துணைக்கு அழைக்கிறார் (புறநானூறு 87). ஒரே நாளில் எட்டுத் தேர் செய்து முடிக்கும் தச்சன், ஒரு மாதம் முழுவதும் கருத்தூன்றிச் செய்த ஒற்றைச் சக்கரம் எப்படியிருக்கும்? அப்படிப்பட்டவன் அஞ்சி என்கிறார். 206ஆம் பாடலில், கோடரியோடு காட்டுக்குள் நுழையும் கைவல்ல தச்சச் சிறுவர்களைக் காட்டுகிறார். இரண்டும் அரசவை சார்ந்த பாடல்கள்தாம். ஆயினும் விரைந்து செய்யும் திறன் வேறு, நுணுகிச் செய்யும் திறன் வேறு என்ற தெளிவு முதல் பாடலில் இருக்கிறது. வண்டியைச் சிறு அளவில் நகல் செய்யும் மாதிரி வண்டிக் கலை முழுவதும் இந்த இரண்டாவது திறனில்தான் நிற்கிறது.

விளையாட்டு வண்டியும் பழையதே. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் விரும்பும்படி செய்த சிறுதேர் வருகிறது. ஏறிச் செல்ல முடியாத, உருட்டி மட்டுமே விளையாடக்கூடிய தேர். அவரே பாடிய பட்டினப்பாலையில், குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டும் தேருக்கு மூன்று சக்கரம். கோழியை விரட்ட எறிந்த காதணி அதன் வழியை மறித்துக் கிடக்கிறது. பின்னாளில் ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் இறுதியானதாகச் சிறுதேர் அமைந்தது. ஆனால் இவை எவையும் குறிப்பிட்ட ஒரு தேரின் அளவு மாறாத நகல் அல்ல. குழந்தையின் கைக்கும் தெருவின் மேடுபள்ளத்துக்கும் ஏற்பச் செய்தவை. நுங்குக் கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்து உருட்டும் நுங்கு வண்டிவரை இந்த மரபு அறுபடாமல் வந்திருக்கிறது. கண்ணால் கண்ட ஒரு வண்டியை, எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்வது தனிக் கலை.

அந்தக் கலையின் வளர்ச்சி உண்மையான வண்டிக்குப் பாடி கட்டுபவர்களோடும் பிணைந்தது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் பிரிவான ஃபிஷர் பாடி நிறுவனம், 1930இல் சிறுவர்களுக்கான கைவினைக் கழகம் ஒன்றைத் தொடங்கியது. நெப்போலியனின் கோச்சு வண்டியை மாதிரியாகச் செய்வது முதல் போட்டி. பிறகு சிறுவர்கள் தாங்களே வடிவமைத்த கார்கள் வந்தன. 1968வரை கழகம் நடந்தது. இதற்கிடையில் அந்நாட்டு இளைஞர்கள் 1932ஆம் ஆண்டு ஃபோர்டு போன்ற பழைய கார்களை வாங்கி, கூரையைத் தாழ்த்தி, எஞ்சினை மாற்றித் தெருவில் ஓட்டினார்கள். ஏஎம்டி நிறுவனம் 1958இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிளாஸ்டிக் கிட்டுகளில் ஒரே காரை மூன்று வகையாகச் செய்யலாம்: ஆலையிலிருந்து வந்தபடி ஒன்று, ஆசைப்படி மாற்றியது ஒன்று, பந்தயத்துக்கு ஒன்று. எதைச் செய்வது என்பதை ஒட்டுபவரே முடிவு செய்யலாம்.

நம் நாட்டின் கதை வேறு. பிரிட்டனில் பயன்பட்டுத் தீர்ந்த டிங்கி பொம்மைக் கார் அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்து, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் உலோகக் கார்களாயின. அவற்றில் ஸ்டாண்டர்டு 20 மினிபஸ்ஸும் உண்டு. அந்த வண்டியின் அசலைக் கட்டிய ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை சென்னையில் இருந்தது. ஆனால் இவை முழுதாக வார்த்து வந்த பொம்மைகள். அறுக்க, ஒட்ட, மாற்ற இடம் தருபவை அல்ல.

தமிழகத்தில் இந்த வெற்றிடத்தை நிரப்பியது பாடி கட்டும் பட்டறை மரபு என்பதே என் கருத்து. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்தில், 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும்வரை ஓசூரும் அடங்கியிருந்தது. அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை 1980இல் தொடங்கியது. ஆலையிலிருந்து வெறும் சேசிஸாக வெளிவரும் வண்டிக்குக் கரூரில் பேருந்துப் பாடியும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிப் பாடியும் கட்டுவார்கள். ஒரே சேசிஸ், உரிமையாளருக்கு ஏற்ப முகப்பும் நிறமும் எழுத்தும் மாறும். அமெரிக்க இளைஞர் ஃபோர்டில் செய்ததை இங்கே பட்டறைக்காரர் லேலண்டில் செய்தார். தொப்பூர் கணவாயில் ஏறி இறங்கிய அந்த லாரிகளும் பேருந்துகளுமே நம் வட்டாரத்தின் தெரு வண்டிகள். தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட அன்னை சத்யா போக்குவரத்துக் கழகத்தின் பெயர் தாங்கிய பேருந்துகளும் இவற்றில் சேரும். 1997இல் கழகங்களுக்கு இருந்த தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அந்தப் பெயர் சாலையிலிருந்து மறைந்தது.

இன்று தமிழக இளைஞர்கள் கையால் செய்யும் மாதிரிகளில் பேருந்தே மிகுதியாக இருப்பதற்குப் பாசம் மட்டும் காரணம் இல்லை, வடிவமும் காரணம். பேருந்தின் பக்கங்கள் தட்டையானவை. ஃபோம் ஷீட்டும் சார்ட் அட்டையும் கத்தியும் போதும். கண்ணாடிக்கு ஒளிபுகும் ஓஎச்பி ஷீட். 11 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் உள்ள பேருந்து 1:24 விகிதத்தில் ஏறக்குறைய 46 செ.மீ. நீளமும் 10.4 செ.மீ. அகலமும் ஆகிறது. இங்கேதான் நுணுக்கம் தேவைப்படுகிறது. 3 மி.மீ. ஷீட்டில் செய்த சுவர், அசலில் 72 மி.மீ. தடிமனுக்குச் சமம். ஜன்னல் தூண்கள் அப்படியே நின்றால் பேருந்து கோட்டைச் சுவர்போலத் தோன்றும். ஆகவே தேர்ந்த கைகள் ஜன்னல் விளிம்பை உட்புறமாகச் சரித்துச் செதுக்குகின்றன. பின் சக்கரம் இரட்டை டயராக இருக்க வேண்டும். படிக்கட்டு, மேலே லக்கேஜ் கேரியர், உள்ளே திருக்குறள் பலகை எல்லாம் சரியான இடத்தில் அமைய வேண்டும். நல்ல மாதிரியை மட்டமானதிலிருந்து பிரிப்பவை இவையே, பளபளக்கும் பெயிண்ட் அல்ல.

அம்பாசிடர் செய்வது கடினம். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாகக் கொண்டு 2014வரை வந்த அந்தக் கார், 4,325 மி.மீ. நீளம். 1:24இல் 18 செ.மீ. ஆனால் அதன் உடலில் தட்டையான இடம் அரிது. உருண்ட மூக்கையும் புடைத்த மட்கார்டையும் மரத்தில் செதுக்கி, பட்டி பார்த்துத்தான் கொண்டுவர முடியும். கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் பொம்மை கடையும் வெப்பாலை மரம் தருமபுரியின் வறண்ட காடுகளிலும் வளர்கிறது. தச்சர் கையும் மாதிரிக் கலையும் சேரக்கூடிய இடம் இது.

மாதிரி செய்ய அளவு வேண்டும், அளவெடுக்க அசல் வண்டி வேண்டும். மத்திய அரசின் விதிப்படி 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தாக வேண்டும்; அப்படி ரத்தாகும் வண்டிகள் உடைப்புக்குப் போகின்றன. பழைய பாடிகளுக்குப் பட்டறைகளில் முறையான வரைபடம் வைத்துக்கொள்ளும் வழக்கமும் குறைவாக இருந்தது. அளவெல்லாம் மேஸ்திரியின் மனத்தில் இருக்கிறது. நடுகற்களைத் திரட்டி அருங்காட்சியகத்தில் காக்கும் தருமபுரி மாவட்டம் இந்த அளவுகளையும் காக்கலாம். செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி மாணவர்களும் ஐடிஐ பயிற்சியாளர்களும், எஞ்சியிருக்கும் பழைய லாரி, பேருந்து, ஜீப் பாடிகளை டேப் பிடித்து அளந்து, நான்கு பக்கமும் வரைந்து, முதிய மேஸ்திரிகளிடம் கேட்டுக் குறித்து வைக்க வேண்டும். உடைப்புக் கிடங்குக்கு வண்டி போகும் முன்பே இதைச் செய்தாக வேண்டும்.