குடவோலை கண்ட உத்திரமேரூர்

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே, ஏரிப்பாசனத்தால் நெல் விளையும் பூமியில் அமைந்த ஊர் உத்திரமேரூர். கி.பி. 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில் பிரமதேயமாக எழுந்தது. சுந்தரவரதப் பெருமாள் கோயிலின் மூன்றடுக்குக் கருவறையும், கைலாசநாதர் கோயிலும், கல்வெட்டுகள் வயிரமேக தடாகம் எனக் குறிக்கும் பேரேரியும் காணத்தக்கவை. எனினும் இவ்வூருக்குப் பெரும்புகழ் தந்தது வைகுந்தப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுகளே.

முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் ஊர்ச்சபை செய்த இரு தீர்மானங்கள் அங்கே பொறிக்கப்பெற்றுள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் குடத்தில் இடம்பெறலாகாது. நம் காலத்துச் சங்க நிர்வாகிகள் சிலரும் இவ்விதியை ஒருமுறை படித்தல் நலம்!

பாடநூல்கள் இவ்வளவோடு நின்று, மக்களாட்சியின் தொட்டில் என்று போற்றி முடிக்கும். நாம் தகுதி கூறும் வரிகளையும் படித்தல் வேண்டும். இரண்டாம் தீர்மானத்தின்படி வயது 35க்கு மேல், 70க்குள், வரி செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் சொந்த வீடு, வேதப் பயிற்சி. அரை வேதமன்று, ஒரு வேதமும் ஒரு பாடியமும் முற்றக் கற்றவனாயின் அரைக்கால் வேலி நிலமே போதும். நிலத்தில் சலுகை உண்டு. நிலமே இல்லாதவனுக்கு வழி இல்லை. ஏரியைக் காத்த அறுவரும் இத்தகுதியோரே. ஏரி நீரில் உழுது நட்டவன் பெயர் தாங்கிய ஓலை அக்குடத்தில் விழவில்லை.

நிலமின்மை சோழரோடு ஒழிந்ததா? பிற்காலத்தில் உத்திரமேரூர் அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் டிரமென்ஹீர், நம் மக்களின் அவலநிலையை 1891இல் விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். நிலமும் மனையுமின்றி, குடியிருந்த குடிசையிலிருந்தும் மிராசுதாரர் விருப்பப்படி வெளியேற்றப்படும் நிலையை அவ்வறிக்கை எடுத்துரைத்தது. அதன் விளைவே 1892ஆம் ஆண்டு அரசாணை. பஞ்சமி நிலங்கள் அதன் வழி வந்தவை. அந்நிலங்களை நம் மக்களல்லாதாருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனையை ஒவ்வோர் இல்லத்தாரும் அறிந்திருத்தல் வேண்டும். பட்டா எவர் பெயரில் உள்ளது என்பதை இளைஞர்களே வட்டாட்சியர் அலுவலகத்தில் பார்த்து வருதல் நன்று.

நிலமும் வேதமும் கேளாத வாக்குரிமையை 1950இல் அரசியலமைப்பு தந்தது. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி 1996இல் நடந்த தேர்தலில், தலைவர் பதவிகளிலும் நமக்கு இடம் ஒதுக்கப்பட்டது.

உத்திரமேரூர் செல்வோர் கோயில்களையும் ஏரியையும் ஒரே நாளில் காணலாம். ஆலய நுழைவு உரிமையை 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் நமக்கு உறுதி செய்துள்ளது. ஆகவே தயங்காது உட்சென்று அக்கல்வெட்டுகளை நின்று பார்த்து வருக.